மூடுபனியில் பழுக்கும் புளிப்பு

சுருளிப்பட்டி
ஐப்பசி 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நாடுவதும் அதுவே. உன் கடிதம் ஆவணியிலேயே வந்துவிட்டதாம்; நான் ஊரில் இல்லாததால் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் செருகிக் கிடந்து, அக்காளின் பேரன் அதன் முதுகில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே என் கைக்கு வந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்பதைப் படித்ததும் மனம் ஆறியது. நானும் என் வீட்டுக்காரியும் சின்ன மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா போய் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினோம். பேத்தி பிறந்த செய்தி உனக்குத் தெரியும். அவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறெதையும் எழுத மாட்டேன் என்பதால் அதை நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன்.

மருமகன் வீடு சாண்டா ரோசா என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பசிபிக் கடல். இடையில் உள்ள மலைச்சரிவு முழுவதும் ஒயினுக்கான திராட்சைத் தோட்டம். நாற்பது வருஷம் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்த எனக்கு, அந்தச் சீமையில் திராட்சையைத் தவிர வேறு எதைப் பார்க்கத் தோன்றும்? அதனால் இந்தக் கடிதம் முழுக்கத் திராட்சைதான். பொறுத்துக்கொள்.

முதலில் கடலைச் சொல்ல வேண்டும். போடேகா பே என்ற கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் இறங்குகிற நினைப்பில் காலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஆகஸ்டு மாதம், உச்சி வெயில், தண்ணீர் மட்டும் பனிக்கட்டி கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. அட்சரேகைக் கணக்கில் பார்த்தால் அந்த இடம் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு நேராகத்தான் இருக்கிறது, கொதிக்க வேண்டிய நிலம். ஆனால் கோடையில் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்தண்ணீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிவிடுகிறது. நீ இருக்கும் கேரளத்து மலையூரான வண்டிப்பெரியாற்றில் கடற்காற்று மலையேறிய பிறகு பனியாகிறது. அங்கே கடலின்மேலேயே பனியாகி, பிறகுதான் மலையை நோக்கிப் புறப்படுகிறது. கீழேயிருந்து ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து வருவதை மாலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், மாப்பிள்ளை.

அந்தப் பனியை உள்ளே இழுப்பது நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் வெயில் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. மாநிலத்தின் நடுவிலுள்ள பெரும் பள்ளத்தாக்கு கோடையில் 38 டிகிரியைத் தாண்டிக் காய்கிறது. அங்கே சூடான காற்று மேலே எழும்ப, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலோரக் குளிர்காற்று மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் இடம் வழியாகப் பாய்கிறது. பெட்டலூமா கணவாய் என்று அதற்குப் பெயர். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் எப்படியோ, ஆடியில் நம் பள்ளத்தாக்கில் வாழையைச் சாய்த்துக் காற்றாலையைச் சுழற்றும் காற்றுக்குக் கம்பம் கணவாய் எப்படியோ, அப்படி. நாம் ஆடிக்காற்றைத் திட்டுவோம். அவர்கள் அதே மாதிரியான காற்றை அடையாளமாக வைத்து 2017 இறுதியில் அந்தக் கணவாய்ப் பகுதியைத் தனி ஒயின் வட்டாரமாகவே அறிவித்துக்கொண்டார்கள். காற்று பலமாக வீசும்போது இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும், வேலை மந்தமாகும், பழம் சிறுத்துத் தோல் தடிக்கும், பழுப்பது தள்ளிப்போகும். அந்தத் தாமதத்துக்குத்தான் அங்கே காசு.

செபாஸ்டபோல் என்ற சிற்றூருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக்கு மருமகன் காலை ஏழு மணிக்கே கூட்டிப் போனான். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். பந்தல் கிடையாது, இடுப்பளவு உயரத்தில் கம்பி வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடி. இலை நுனியெல்லாம் பனி சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே வந்த நினைப்பு, நம் ஊரில் இப்படி நனைந்தால் அன்று மாலையே அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவையோடு ஓட வேண்டுமே என்பதுதான். அங்கும் பூஞ்சணத்துக்குப் பயப்படத்தான் செய்கிறார்கள். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கையாலேயே கிள்ளிவிட்டுக் காற்றோட்டம் விட்டிருந்தார்கள். காலடி மண் கோதுமை மாவுபோல் விரலிடுக்கில் ஒழுகியது. அது எப்போதோ கடலடியில் கிடந்த மணலாம், கோல்ட்ரிட்ஜ் மண் என்கிறார்கள், தண்ணீர் தேங்காது.

அங்கே நட்டிருப்பது பெரும்பாலும் பினோ நுவார் என்ற கறுப்பு ரகமும் ஷார்டனே என்ற வெள்ளை ரகமும். பினோ குலை உள்ளங்கைக்குள் அடங்கும். பைன் மரத்துக் காயைப்போல மணி மணியாக நெருக்கி அடைத்திருப்பதால்தான் அந்தப் பெயராம். நம் வியாபாரி பார்த்தால் இதைத் திராட்சை என்றே ஒப்புக்கொள்ள மாட்டான், பெட்டியில் அடுக்காமல் ஓரமாகக் கொட்டச் சொல்வான். தோட்டத்து மேஸ்திரி, மெக்சிகோ நாட்டுக்காரர், என் வயதிருக்கும், ஒரு மணியைப் பிதுக்கிச் சாற்றைக் கண்ணாடிக் குழலில் விட்டு வெளிச்சத்தில் பார்த்துச் சர்க்கரை அளவைச் சொன்னார். அதோடு விடவில்லை. இன்னொரு மணியை வாயில் போட்டு, சதையை விழுங்கி, தோலை மென்று, கொட்டையை உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். கொட்டை இன்னும் பச்சை. தலையை ஆட்டினார். அவருக்கும் எனக்கும் பொது மொழி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்தத் தலையாட்டல் எனக்கு முழுதாகப் புரிந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, பழம் இன்னும் பழுக்கவில்லை. நாற்பது வருஷத்தில் நான் ஒருநாளும் கொட்டையைப் பார்த்து அறுவடை நாளைக் குறித்ததில்லை.

இந்த இடத்தில்தான் என் புத்தியில் ஏதோ திறந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். நமக்குப் புளிப்பு என்றால் குறை. பன்னீர் நல்ல இனிப்பாக இருக்கிறதா என்பதுதான் உன் கேரளத்து வியாபாரியும் மதுரை வியாபாரியும் கேட்கும் ஒரே கேள்வி. அங்கே புளிப்பு குறைந்துவிடுமோ என்பதே கவலை. மருமகன் வாசித்துச் சொன்னதை என் சமையலறைக் கணக்கில் மாற்றிக்கொண்டேன். திராட்சையில் முக்கியமாக இரண்டு புளிப்பு உண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம், நம் புளியங்காயில் இருப்பது; வெயில் அதை எளிதில் அசைக்காது. மற்றொன்று மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் பல் கூசவைப்பது. பழம் சூட்டில் மூச்சுவிடும்போது இதைத்தான் எரித்துத் தீர்க்கிறது. ராத்திரியும் காலையும் 12 டிகிரியில் மூடுபனிக்குள் கிடக்கும் பழம் அதை அவ்வளவு வேகமாகச் செலவழிப்பதில்லை. சர்க்கரை மெதுவாக ஏற, புளிப்பு மெதுவாக இறங்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மணமும் கூடிவிடுகிறது. பிறகு பீப்பாயில் ஒரு நுண்ணுயிர் அந்த ஆப்பிள் புளிப்பைத் தயிர்ப் புளிப்பாக மாற்றுகிறதாம். அதாவது தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலம். புளி, ஆப்பிள், தயிர்: ஒரு குவளைக்குள் இந்த மூன்று வீட்டுச் சங்கதியும் இருப்பதை எந்த ஒயின் விளம்பரமும் எனக்குச் சொன்னதில்லை.

குடித்தாயா என்று கேட்பாய். டாக்டர் முகம் கண்முன் வந்ததால் இரண்டு மடக்குதான். எனக்குத் தெரிந்த ஒயின் தங்கச்சி டிசம்பரில் பரணியில் ஊறப்போட்ட கிராம்பும் பட்டையும் சர்க்கரையும் மணக்கும் கறுப்புச் சாறு. அந்த நினைப்பில் வாயில் வைத்தால் இது மெலிந்து, சிவப்புக் கண்ணாடி மாதிரி நிறத்தில், நாக்கோரம் எச்சில் ஊறவைத்துவிட்டுப் போயிற்று. முதல் மடக்கில் ஏமாற்றம். இரண்டாவதில் மழை பெய்த மறுநாள் தோட்டத்துச் சருகு மணம். ருசி தெரிந்தவர்கள் இதற்கு நூறு பெயர் சொல்வார்கள். எனக்கு அந்த ஒன்றுதான் அகப்பட்டது. ஷார்டனேயை என் வீட்டுக்காரிதான் முகர்ந்து பார்த்து எலுமிச்சை ஊறுகாய் ஜாடி என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த ரகத்துக்குப் பெரிய பூர்வ கதை உண்டு. 1976இல் பாரிசில் பிரெஞ்சு நடுவர்கள் பெயரை மறைத்துச் சுவைத்த போட்டியில், வெள்ளை ஒயின்களில் முதலிடம் வாங்கியது பக்கத்து மாவட்டமான நாப்பாவிலுள்ள ஷாட்டோ மாண்டெலீனா என்ற கம்பெனியின் 1973ஆம் வருஷத்து ஷார்டனே. பேர் நாப்பாவுக்கு, அதற்குப் போன திராட்சையில் பெரும்பங்கு மருமகன் ஊர் இருக்கும் இந்த சோனோமா மாவட்டத்திலிருந்து போனது. கம்பம் பழத்தை எங்கோ கொண்டுபோய் வேறு ஊர்ப் பெயரில் விற்பதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

ஊர்ப்பெயர்ச் சண்டை அங்கும் பலமாக உண்டு. 1987இல் சோனோமா கோஸ்ட் என்று ஒரு வட்டாரத்துக்கு எல்லை போட்டார்கள், ஏறக்குறைய 4,80,000 ஏக்கர். கடலை எட்டிக்கூடப் பார்க்காத உள்நாட்டு நிலமும் அதில் சேர்ந்துகொண்டது. உண்மையாகவே கடலோரத்தில் குளிரோடு போராடுகிறவர்கள் முணுமுணுத்து, முணுமுணுத்து, ஃபோர்ட் ராஸ் பக்கத்துக்கு 2012இலும் மேற்கு சோனோமா கடற்கரைக்கு 2022இலும் தனிப் பெயர் வாங்கினார்கள். ஃபோர்ட் ராஸ் 1812 முதல் 1841 வரை ரஷ்யர்கள் கோட்டை கட்டி இருந்த இடம். அங்கே தோட்டங்கள் கடலிலிருந்து சில மைல்தான், ஆனால் 920 அடிக்கு மேலே. பனி கீழே படுத்திருக்க, அவை அதற்கு மேலே வெயிலில் நிற்கின்றன. ஆகவே கடலுக்கு அருகே என்றால் குளிர் அதிகம் என்ற என் கணக்கும் அங்கே பொய்த்தது. 2023இல் நம் பன்னீருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று நம் டீக்கடையில் நடந்த வாக்குவாதம்தான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் கொடி குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் இலை உதிர்த்துத் தூங்குகிறது. மார்ச் கடைசியில் மொட்டு, செப்டம்பர் கடைசியில் அறுவடை, வருஷத்துக்கு ஒரே முறை. ஏக்கருக்கு இரண்டு மூன்று டன் வந்தால் போதும் என்கிறார்கள். நம் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்து 120 நாளில் பழம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி கத்தி. பெரியாற்றுத் தண்ணீரும் வெயிலும் இருப்பதால் இது நமக்குக் கிடைத்த வரம் என்றே இதுவரை நினைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு காய்ப்பை நம்பி நான் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்க முடியாது. அந்த ஒற்றைக் காய்ப்புக்கும் அங்கே ஆபத்து குறைவில்லை. 2020இல் காட்டுத்தீப் புகை தோலுக்குள் இறங்கி, பழத்தில் தெரியாமல் ஒளிந்திருந்து, புளிக்கும்போது சாம்பல் ருசியாக வெளிப்படும் என்ற பயத்தில், கண்ணுக்கு நன்றாக இருந்த பழத்தையே பலர் வாங்க மறுத்தார்களாம். கேட்டபோது வயிறு எரிந்தது. போன வருஷம் அறுவடைக்கு நான்கு நாள் முன்பு பெய்த மழையில் என் பழம் வெடித்து, முன்பணம் கொடுத்த வியாபாரி போனையே எடுக்காமல் போனதை நீ அறிவாய்.

செபாஸ்டபோல் முன்பு கிராவென்ஸ்டைன் ஆப்பிளுக்குப் பேர் போன ஊர். ஒயின் திராட்சைக்கு விலை ஏறியதும் ஆப்பிள் மரங்களை வெட்டிக் கொடி நட்டுவிட்டார்கள். சாலையோரத்தில் தப்பிய கிழட்டு மரங்கள் சிலவற்றில் பறிக்க ஆளில்லாமல் பழம் உதிர்ந்து கிடந்தது. நம் பக்கம் கொடியை எடுத்துவிட்டுத் தென்னையும் வீட்டுமனையும். அதைப் பற்றி இன்று எழுத மனமில்லை.

இனி உன்னால் ஆக வேண்டிய காரியம். கிழக்கோரத்து நான்கு வரிசையில் இலையைக் குறைத்துக் கிள்ளி, மீதிப் பந்தலை வழக்கம்போல் விட்டிருக்கிறேன். கார்த்திகைக் கடைசியில் இரண்டு பெட்டி அனுப்புவேன்: ஒன்றில் நன்றாகப் பழுத்தது, மற்றதில் ஒரு வாரம் முன்னதாக, கொட்டையைப் பார்த்துப் பறித்தது. வீட்டில் ஒயின் போடவும் உரிமம் வேண்டும் என்று கலால்காரர்கள் சொன்னதிலிருந்து தங்கச்சி காய்ச்சிய சாறோடு நிறுத்திக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய், சாறே போதும். இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சி, இரண்டாவதற்குச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, எது எதுவென்று சொல்லாமல் பக்கத்து வீட்டு அம்மச்சிக்குக் கொடுக்கச் சொல். நீ வண்டிப்பெரியாறு போன புதிதில் அந்த அம்மச்சி முந்திரி கேட்டாள் என்று நான் ஒரு கிலோ முந்திரிப்பருப்பைச் சுமந்துகொண்டு வந்து நின்றேனே, அவள் மலையாளத்தில் திராட்சைதான் முந்திரி என்று அன்றைக்குத்தானே தெரிந்தது! அவள் நாக்கை நான் நம்புகிறேன்.

பெட்டிகளைக் குமுளி பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். முந்தின நாள் போன் செய்கிறேன். ஸ்டாண்டில் ஆள் அனுப்பி வைத்திரு. முன்னதாகப் பறித்த பெட்டிக்கு நீலக் கயிறு.

இப்படிக்கு,
உன் பழைய பள்ளித் தோழன்