இரத்தம் குத்திப் பார்க்கும் சோதனை அல்ல

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்குவதைப் புரதங்கள் காட்டும் என்று உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்ததை வாசித்துவிட்டு, “அக்கா, இரத்தம் குத்திப் பார்த்தால் போதுமோ?” என்று இங்கே பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். போதாது.

பால் நாளங்களைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் உண்டு. நான்காம் வகைக் கொலாஜன், லமினின் ஆகிய புரதங்கள்தான் அதில் முக்கியமானவை. புற்றுக் கலங்கள் அதற்குள் அடங்கி நிற்கும்வரை நோய் வெளியே ஊடுருவவில்லை. வெட்டியெடுத்த இழையத்துண்டுக்குச் சாயம் ஊட்டினால், நாளத்தைச் சுற்றி அந்தப் படலம் கபில நிறக் கோடாகத் தெரியும். கறையான் அரித்த பனையோலை வேலி மாதிரி கோடு அங்கங்கே அறுந்திருந்தால், நுணுக்குக்காட்டியில் இருக்கும் கண் அந்த இடத்தை விட்டு நகராது. தெனாசின்-சி என்ற இன்னொரு புரதம் சுற்றிவரக் கூடியிருந்தாலும், ஊடுருவல் தொடங்கிவிட்டதோ என்ற சந்தேகம்தான். ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத ஊடுருவலைத் தேடும் வேலை அல்லவா! அதனால் நாளத்தின் வெளிவரிசைக் கலங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்தே நோயியல் வைத்தியர் முடிவு சொல்வார்.

ஆக, இதெல்லாம் கட்டியோ மாற்றமோ கண்டு, துண்டு எடுத்த பிறகு. அப்புறம் எதை நம்பிக் காத்திருப்பது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள், காசில்லை. அந்தச் செய்தி வந்த பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில் இதையும் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்,
புதுக்குடியிருப்பு.