புகார் குடுத்தவங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க டாக்டர்

மாநில மருத்துவ கவுன்சில்கள்ல உறுப்பினரா இருக்கற எல்லா டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்ல, வக்கீலும் இல்ல. ரெண்டு ஸ்டேட் பார்டர் பக்கத்துல ஒரு ஊர்ல கோர்ட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சு டைப்பிங் பண்றேன், பதினெட்டு வருஷமா. பட்டா மனு, ஜீவனாம்சம், ஆர்டிஐ எல்லாம் அடிப்பேன். வருஷத்துக்கு நாலஞ்சு மனு டாக்டருங்க மேல புகாரா உங்களுக்கு வர்றது. "பதிவாளர், மருத்துவ கவுன்சில்"னு அட்ரஸ் போட்டு நான் ஒட்டின கவர் உங்க மேஜைக்கும் வந்திருக்கலாம்.

இந்த மடலுக்கு காரணம் ஒரு அம்மா. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த கவுன்சில்னு சொல்லப்போறதில்ல. வீட்டுக்காரருக்கு கால்ல ஆபரேஷன், அப்புறம் சீழ் பிடிச்சு முட்டிக்கு கீழ எடுத்துட்டாங்க. டாக்டர் மேல தப்பு இருக்கா இல்லையான்னு எனக்கு தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது, அதை தெரிஞ்சுக்கத்தான் மனுவே குடுத்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு பதில் வந்துச்சு. "அலட்சியம் ஏதும் இல்லை எனக் கண்டறியப்பட்டது." அவ்வளவுதான். யார் விசாரிச்சாங்க, என்ன ரிப்போர்ட்டை பாத்தாங்க, ஏன் இந்த முடிவுக்கு வந்தாங்க, ஒண்ணுமே இல்ல. அந்த அம்மாவை ஒரு தடவை கூட கூப்பிடல. மஞ்சப்பைல ஃபைலோட வந்து, "அண்ணே இதுக்கு மேல யாருக்கு எழுதணும்?"னு கேட்டாங்க. அதுக்காக சட்டத்தை எடுத்து படிச்சவன் நான், படிச்சதுக்கப்புறம் தூக்கம் வரல.

அவங்கவங்க தொழிலை அவங்கவங்களே கட்டுப்படுத்திக்கறதுங்கற ஏற்பாடு ஏன் வந்துச்சுன்னு எனக்கு புரியுது. பிரிட்டன்ல 1858ல சட்டம் போட்டு ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அமைச்சாங்க, மெட்ராஸ் மாகாணத்துல 1914ல மருத்துவ பதிவுச் சட்டம் வந்துச்சு. யார் முறையா படிச்ச டாக்டர்னு ஜனங்களுக்கு தெரியணும், அதுக்கு ஒரு பதிவேடு, தப்பு பண்ணா அதுல இருந்து பேரை எடுக்கற அதிகாரம். வைத்தியம் சரியா தப்பான்னு சொல்ல வைத்தியம் படிச்சவங்களாலதான் முடியும், அதனால அந்த அதிகாரத்தை சமூகம் உங்க கைலயே குடுத்துச்சு. இது ஒரு ஒப்பந்தம் மாதிரி: தனி உரிமை உங்களுக்கு, பதிலுக்கு நீங்க எங்களுக்காக உங்க ஆளுங்களை கண்காணிக்கணும். உங்க 2002 நெறிமுறை விதி 1.7 என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, திறமையில்லாத, நேர்மையில்லாத சக டாக்டரை பயமோ தயவோ பாக்காம வெளிய கொண்டு வரணும்னு அதுலயே இருக்கு. அதை டைப் அடிக்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்துச்சு. வேற எந்த தொழில்ல இப்படி எழுதி வெச்சிருக்காங்க?

ஆனா நடந்தது என்ன? மாநில கவுன்சில்களுக்கு மேல அப்போ இருந்த இந்திய மருத்துவ கவுன்சில், அதான் எம்சிஐ, அதைப் பத்தி 2016 மார்ச்ல நாடாளுமன்ற நிலைக்குழு குடுத்த ரிப்போர்ட்ல ஒரு எண் இருக்கு. 1963ல இருந்து 2009 வரைக்கும் எம்சிஐயோட எத்திக்ஸ் கமிட்டி கருப்புப் பட்டியல்ல வெச்ச டாக்டருங்க மொத்தம் 109 பேர். நாப்பத்தாறு வருஷம், இவ்வளவு பெரிய நாடு, 109. டாக்டருங்க ஓட்டு போட்டு டாக்டருங்களை தேர்ந்தெடுத்து அவங்க டாக்டருங்களையே விசாரிக்கற முறைல, ஓட்டு போட்டவங்க மேல நடவடிக்கை எடுக்க யாருக்கு மனசு வரும்? நீங்க கெட்டவங்கன்னு சொல்லல, எங்க கோர்ட் வாசல்ல எங்க டைப்பிஸ்ட் சங்கத்தையே என்னை விசாரிக்க சொன்னாலும் இதேதான் நடக்கும்.

2010ல எம்சிஐ தலைவரையே லஞ்ச வழக்குல சிபிஐ கைது பண்ணுச்சு, மறு மாசமே கவுன்சிலை கலைச்சு அரசாங்கம் ஒரு போர்டு போட்டுச்சு. அப்புறம் திரும்ப வந்த கவுன்சிலை மேற்பார்வை பாக்க 2016ல சுப்ரீம் கோர்ட் முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமைல ஒரு கமிட்டியை போட வேண்டி வந்துச்சு. 2018ல மறுபடி கலைச்சாங்க, 2019ல புது சட்டம், 2020 செப்டம்பர்ல தேசிய மருத்துவ கமிஷன். 2023ல பல் மருத்துவத்துக்கும் நர்சிங்குக்கும் இதே மாதிரி கமிஷன் அமைக்க சட்டம் போட்டாச்சு. உங்க கைல இருந்த அதிகாரத்துல பெரும்பகுதி டெல்லி கைக்கு போயிடுச்சுன்னு உங்க சங்கங்கள் போராடுனப்போ நான் உங்க பக்கம்தான் இருந்தேன், இப்பவும் அதுல நியாயம் இருக்குன்னுதான் நினைக்கறேன். மந்திரி ஆபீஸ் நியமிக்கற கமிஷன் எங்களுக்காக பேசும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. 33 பேர் இருக்கற கமிஷன்ல மூணே மூணு இடம்தான் நிர்வாகம், சட்டம், நெறிமுறை, ஆராய்ச்சி, நுகர்வோர் இல்லன்னா நோயாளி உரிமை, பொருளாதாரம் இப்படி எல்லாத்துக்கும் சேர்த்து ஒதுக்குனது.

இப்போ அந்த அம்மாவோட கேள்விக்கு வரேன். பழைய எம்சிஐ காலத்துல விதி 8.8னு ஒண்ணு இருந்துச்சு, மாநில கவுன்சில் முடிவுல திருப்தி இல்லன்னா யார் வேணா 60 நாளுக்குள்ள எம்சிஐக்கு அப்பீல் போகலாம், நோயாளியும் போகலாம். 2019 சட்டத்துல பிரிவு 30(3)ல என்ன எழுதிட்டாங்கன்னா, மாநில கவுன்சில் நடவடிக்கையால பாதிக்கப்பட்ட டாக்டர் அப்பீல் போகலாம். டாக்டர் மட்டும். தோத்தா அடுத்த பிரிவுல கமிஷனுக்கு இன்னொரு அப்பீலும் உண்டு. கால் போனவருக்கு ஒண்ணு கூட கிடையாது. இந்த வரியை காட்டித்தான் நோயாளிகளோட அப்பீலை கமிஷன் திருப்பி அனுப்புச்சுன்னு பத்திரிகைல வந்துச்சு. சீர்திருத்தம்னு சொல்லி கொண்டு வந்த சட்டத்துல ஜனங்க கைல இருந்த ஒரே ஒரு பிடியையும் பிடுங்கிட்டாங்க.

நுகர்வோர் கோர்ட் இருக்கேன்னு சொல்வீங்க. 1995ல சாந்தா வழக்குல, வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லி சுப்ரீம் கோர்ட் அந்த கதவை திறந்துச்சு, உங்க இந்திய மருத்துவ சங்கம்தான் எதிர்த்து வாதாடுச்சு. ஆனா எல்லாருக்கும் இலவசமா பாக்கற ஆஸ்பத்திரி அதுல வராதுன்னும் அதே தீர்ப்புலயே சொல்லிட்டாங்க. ஆக காசு குடுத்தவங்களுக்கு ஒரு கோர்ட் இருக்கு, காசில்லாம பெரியாஸ்பத்திரிக்கு போனவங்களுக்கு நீங்கதான் இருக்கீங்க. கவுன்சில் முடிவை எதிர்த்து ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம்னு வக்கீல் சொல்றார், அந்த அம்மா இட்லி சுட்டு விக்கறாங்க, ஹைகோர்ட்டுக்கு பஸ் சார்ஜே அவங்களுக்கு ரெண்டு நாள் வருமானம்.

பிரிட்டன்ல ஹரோல்ட் ஷிப்மன்னு ஒரு டாக்டர் 15 நோயாளிகளை கொன்னார்னு 2000ல தண்டனை ஆச்சு. அதை விசாரிச்ச ஜேனட் ஸ்மித்ங்கற நீதிபதி, கவுன்சில் நோயாளியை விட டாக்டரைத்தான் அதிகமா பாத்துக்குதுன்னு 2004ல எழுதினாங்க. அதுக்கப்புறம் அங்க டாக்டருங்க ஓட்டு போடற தேர்தலையே எடுத்துட்டாங்க, இன்னைக்கு 12 பேர் கவுன்சில்ல 6 பேர் டாக்டர் இல்லாதவங்க. தீர்ப்பு சொல்றதுக்கு 2012ல இருந்து தனி தீர்ப்பாயம், புகார் எடுத்து நடத்தறவங்களும் தீர்ப்பு சொல்றவங்களும் வேற வேற. நம்ம ஊர்ல படிச்சுட்டு அங்க வேலை பாக்கற உங்க கிளாஸ்மேட்டுங்க எத்தனை பேர் அதுக்கு கீழதான் இருக்காங்க, அவங்களை கேட்டுப் பாருங்க, வெளியாளுங்க உள்ள வந்ததால வைத்தியம் நின்னு போச்சான்னு.

உங்ககிட்ட நான் கேக்கறதுல பாதி இன்னைக்கே உங்க கைல இருக்கு, சட்டம் மாற வேண்டியதில்ல. ஆறு மாசத்துல முடிவு சொல்லணும்னு உங்க விதி 8.4லயே இருக்கு, அதை செய்யுங்க. கேட்ட 72 மணி நேரத்துல கேஸ் ஷீட் குடுக்கணும்னு விதி 1.3.2ல இருக்கு, குடுக்காத ஆஸ்பத்திரி டாக்டரை ஒரு தடவையாவது கூப்பிட்டு கேளுங்க, என் கடைக்கு வர்றவங்கள்ல பாதி பேர் அந்த காகிதத்துக்கே மாசக்கணக்குல அலையறாங்க. புகார் குடுத்தவங்களை விசாரணை ரூம்ல உக்கார வெச்சு அவங்க சொல்றதையும் கேளுங்க. தப்பே இல்லன்னு முடிவு பண்ணாலும் ஏன்னு ரெண்டு பக்கம் அவங்க மொழில எழுதி அனுப்புங்க. சத்தியமா சொல்றேன், "சுகர் இருந்ததால இன்ஃபெக்ஷன் நிக்கல, இன்ன மருந்து குடுத்தாங்க, வேற வழி இல்லாமப் போச்சு"ன்னு ஒரு டாக்டர் பொறுமையா எழுதியிருந்தா அந்த அம்மா அழுதுட்டு ஏத்துக்கிட்டிருப்பாங்க, அப்பீலே கேட்டிருக்க மாட்டாங்க.

மிச்ச பாதி, 30(3). அதுல "புகார்தாரரும்"னு ஒரு வார்த்தை சேர்க்கணும்னு உங்க கவுன்சில்ல தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்புங்க. நாங்க கேட்டா பத்தோட பதினொண்ணா போயிடும், டாக்டருங்களே கேட்டா யாராலயும் தள்ள முடியாது. தீர்மானத்தை அடிச்சு குடுக்க ஆள் வேணும்னா நான் காசு வாங்காம அடிச்சு தரேன்.

அந்த அம்மாவோட மஞ்சப்பை இன்னும் என் கடை ஷெல்ஃப்லதான் இருக்கு. யாருக்கு எழுதணும்னு தெரிஞ்சா சொல்லுங்கண்ணேன்னு வெச்சுட்டு போயிருக்காங்க.

இப்படிக்கு,
கோர்ட் எதிர் ஜெராக்ஸ் கடைக்காரன்