ஓடினது சனம் இல்ல, டீஜேமார்தான்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கட பேப்பர்ல சினிமாப் பாட்டு பற்றி நிறைய வருது, நல்லது, ஆனா அறுகம்பைல சீசன் துவங்கினா ஒக்டோபர் வரைக்கும் ராத்திரில என்ன பாட்டு போகுதெண்டு ஒருத்தரும் எழுதினத நான் காணல்ல. நான் கல்முனைப் பக்கம் சவுண்ட் செட் வாடகைக்கு விடுறவன். சீசனுக்கு பெட்டியெல்லாம் லொறில ஏத்திக்கொண்டு அறுகம்பைக் கரைல இருக்கிற உல்லைக்குப் போய் மிக்சருக்குப் பக்கத்துல நிக்கிறதுதான் என்ட வேல, அதால டீஜே பொடியன்மார் போடுற அவ்வளவையும் கேட்டுத்தான் ஆகணும். அவங்க எல்லாரும் ஒரே கதைதான் சொல்றாங்க, ட்ரான்ஸ் எண்ட வேகமான டான்ஸ் மியூசிக் செத்துப் போச்சாம், சனம் கேக்குறதில்லையாம். சுத்தப் பொய். சனம் விடல்ல, இவனுகள்தான் விட்டிட்டானுகள்.

தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லிப்போட்டுப் போறன். 90கள்ற தொடக்கத்துல ஜேர்மனில துவங்கி ஒல்லாந்து, இங்கிலாந்து எண்டு பரவின பாட்டு இது. வேகமான வகையில நிமிசத்துக்கு 138, 140 கிக், அதான் பெரிய ட்ரம் அடி, விழும், ரெண்டு கிக்குக்கு நடுவுல பேஸ் எண்ட தடிச்ச அடிச்சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், அதுக்கு மேல ரோலண்ட் ஜேபி 8000 எண்ட கீபோர்ட் கொண்டு வந்த சூப்பர்சோ சத்தம், ஒரே நோட்ட சுருதி கொஞ்சம் கொஞ்சம் விலத்தி ஏழு தரம் அடுக்கினா எப்பிடிக் கேக்குமோ அப்பிடி. நடுவுல கிக்க நிப்பாட்டி மெலடிய மட்டும் மிதக்க விட்டு, ஆக்கள் கையத் தூக்கிக்கொண்டு நிக்கிற நேரம் பார்த்து திரும்ப இறக்குவாங்க பாருங்க, அந்த நேரம் பேஸ் வாற பெரிய சப் பெட்டிக்கு முன்னால நிண்டவனுக்குத்தான் தெரியும் அது என்னெண்டு.

இது மூலைல கிடந்த பாட்டும் இல்ல. 2002ல இருந்து 2010 வரைக்கும் உலகத்துல ஆர் பெரிய டீஜே எண்டு டீஜே மேக் பத்திரிகை வருசா வருசம் வைக்கிற வாக்கெடுப்புல முதலாமிடம் டியெஸ்டோ, போல் வான் டைக், ஆர்மின் வான் பியூரன் எண்டு மூணு ட்ரான்ஸ் ஆக்களுக்குள்ளதான் சுத்திச்சு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் துவக்க விழாவுல டியெஸ்டோதான் வாசிச்சார், நாங்க டீவில பார்த்தம். (அந்த வருசம் டிசம்பர்ல சுனாமி. நாவலடில இருந்து இங்கால கரை முழுக்க என்ன நடந்ததெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, அதுக்குப் பிறகு பாட்டு கேக்குற மனசு ஆருக்கு இருந்தது.) 2011ல முதலாமிடம் ஹவுஸ் எண்ட வேகம் குறைஞ்ச வகை போடுற டேவிட் குவெட்டாக்குப் போச்சு. அந்தக் காலத்துலயே டியெஸ்டோ ட்ரான்ஸ விட்டு ஹவுஸ் பக்கம் போயிட்டார், மிச்ச ஆக்களும் 128, 130 எண்டு வேகத்தக் குறைச்சுக்கொண்டு வந்தாங்க. 2013ல ஆர்மின் புதுசா ஒரு லேபல், அதான் பாட்டு வெளியிடுற கம்பனி, துவங்கி, அதுக்கு வைச்ச பேரே 138க்குப் பயம் ஆருக்கு எண்டுதான். கேக்க வேண்டி வந்ததே பயம் இருந்ததாலதானே.

இங்க அந்தப் பயம் எப்பிடி இருக்கெண்டா, போன சீசன்ல வெளில இருந்து வந்த ஒரு தம்பி, நல்ல பொடியன், 140ல செய்த ஒரு பாட்ட வேகம் மாத்துற ஸ்லைடரால 128க்கு இழுத்துப் போட்டான். அந்தப் பேஸ் கிக்க முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுறதுக்கெண்டே செய்தது, வேகத்தக் குறைச்சதும் நடுவுல இடைவெளி விழுந்து நொண்டத் துவங்கிட்டுது. ஆடிக்கொண்டு நிண்ட வெள்ளக்காரர் ரெண்டு பேர் போய்ப் பாயில இருந்திட்டாங்க. பார்த்தீங்களா அண்ணே ட்ரான்ஸ் போட்டா சனம் குந்திடுது எண்டு என்னட்டச் சொல்றான்! நீ ட்ரான்ஸ் எங்கடா போட்டாய் தம்பி.

முந்தி ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லணும். ஒரு பாட்டுல இருந்து மற்றப் பாட்டுக்கு மாறேக்க ரெண்டும் ஒரே வேகத்துல ஓடணும், ஆனா இசைத்தட்டுப் போடுற டெக்னிக்ஸ் 1200 தட்டுல வேகத்த 8 வீதம்தான் கூட்டலாம், 128ல போற ஹவுஸ் பாட்ட முழுசாத் தள்ளினாலும் 138தான் வரும், அதுக்குள்ள சுருதியும் ஏறிக் குரல் எல்லாம் எலி கத்துறமாதிரிப் போயிடும், அதால ஹவுஸுக்கு நடுவுல ஒரு வேகப் பாட்ட சொருகுறது கஷ்டம். இப்ப கன்ட்ரோலர் எண்ட டிஜிட்டல் மெஷின்ல ஒரு பட்டன அமத்தினா சுருதி அசையாது, இருந்த சாட்டும் போச்சு. கலியாண வீட்டுக் கதை வேற, அங்க பைலா கேப்பாங்க, அது ஆறெட்டுத் தாளம், இதோட ஒட்டாது, அங்க போய் 140 போடச் சொல்ல நான் விசரன் இல்ல.

உண்மையான பிரச்சினை நேரம். இந்தப் பாட்டு ஒண்டு எட்டு ஒம்பது நிமிசம் ஓடும், இப்ப டீஜேக்கு ஒரு மணித்தியாலம்தான் குடுக்கிறாங்க, அதுக்குள்ள ஆக்கள் போன்ல வீடியோ எடுத்துப் போட பாட்டுல பத்துப் பதினைஞ்சு இடம் வேணும், அப்ப ஏறி வாறதுக்கு எங்க நேரம். எங்கட பக்கம் கண்ணகி அம்மன் சடங்கு பார்த்த ஆக்களுக்கு இது விளங்கும், உடுக்கும் பறையும் மெதுவாத் துவங்கி ஏறி ஏறி வந்துதான் தெய்வம் ஆடுறவர் எழும்புவார், அந்த நேரம் போய் பறைகாரர்ட சனம் களைச்சிரும் கொஞ்சம் மெதுவா அடிங்க எண்டு ஆரும் சொல்றதில்ல.

களைப்பெண்டு சொல்றதும் பொய்யெண்டதுக்கு இன்னொரு சாட்சி, இப்ப ஐரோப்பாவுல இருந்து வாற இருவது வயசுப் பிள்ளைகள் ஹார்ட் டெக்னோ எண்டு 150க்கு மேல கேக்குதுகள், அதுக்குள்ள பழைய ட்ரான்ஸ் மெலடிதான் வந்து வந்து போகுது. ட்ரான்ஸ்ல இருந்து பிரிஞ்ச சைட்ரான்ஸும் கோவாவுல இருந்து இங்க வரைக்கும் 140க்கு மேல ஓடிக்கொண்டுதான் இருக்கு. வேகம் எல்லாருக்கும் ஓகே, ட்ரான்ஸ் எண்ட பேர்தான் இவனுகளுக்கு வெக்கம்.

இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு பர்மிட் இல்லையெண்டு 2007ல உச்ச நீதிமன்றம் சொன்னது, சில விசேசங்களுக்குத்தான் விலக்கு. அது சரிதான், உல்லைல சுபஹுக்கு எழும்புற சனம் இருக்கு, அவங்கட நித்திரையக் கெடுத்து எனக்கு ஒரு பாட்டும் வேணாம். ஆனா பின்னேரம் அஞ்சு மணில இருந்து பத்து மணி வரைக்கும் அஞ்சு மணித்தியாலம் இருக்கு, அவ்வளவையும் 120ல தூங்க வைக்காம, 118ல துவங்கி கடைசி ஒண்டரை மணித்தியாலத்த ஒரே ஆள்ட கைல 138க்குக் குடுங்க எண்டுதான் கடற்கரை ஹோட்டல்காரரிட்ட கேக்குறன். அப்பிடி ஒரு ராத்திரி வைக்கிற இடத்துக்கு சப் பெட்டி நாலும் பாதி வாடகைக்குத் தாறன், லொறிக் கூலி மட்டும் அவங்க பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சவுண்ட் செட்காரன் ஒருவன்,
கல்முனை.