குதிரைக்குப் பூஜ்யம், ராணிக்கு அரைப்புள்ளி: ஃபிடேவுக்கு ஒரு திறந்த மடல்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகள் குழுவினருக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் சமர்கண்டில் நடந்த, ஆளுக்குச் சில நிமிடமே தரும் உலக பிளிட்ஸ் போட்டியில் டேனில் டுபோவும் இயான் நெபோம்னியாச்சியும் ஆடிய ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். இருவரும் குதிரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தார்கள். ஒரு சிப்பாய்கூட அசையவில்லை. டிரா என்று எழுந்து போனார்கள். டிராவுக்கு ஆளுக்கு அரைப்புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் நடுவர் இருவருக்கும் பூஜ்யம் போட்டார். எங்களில் பாதிப் பேர் கைதட்டினோம், மீதிப் பேர் சிரித்தோம்.

சரியாக ஒரு வருடம் கழித்து நியூயார்க். அதே போட்டியின் இறுதி ஆட்டம், மாக்னஸ் கார்ல்சனும் அதே நெபோம்னியாச்சியும். கூடுதலாக ஆடிய மூன்று ஆட்டங்களும் டிராவில் முடிய, பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கார்ல்சன் கேட்டார். உங்கள் தலைமை சரி என்றது. நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், சில நகர்விலேயே முடியும் குட்டி டிராக்களாக ஆடிக்கொண்டே இருக்கலாம் என்று கார்ல்சன் எதிராளியிடம் சொன்ன காணொளி பிறகு பரவியது. வேடிக்கைக்குச் சொன்னேன் என்றார். இருக்கலாம். எங்களுக்கு உறுத்துவது அவர் பேச்சு அல்ல. முதல் ஆண்டு தண்டனை, அடுத்த ஆண்டு இரண்டு தங்கப் பதக்கம். எது குற்றம், எது இல்லை என்று ஆட்டம் முடிந்த பிறகு, அதுவும் ஆளைப் பார்த்து முடிவாவது போலத் தெரிகிறது.

குதிரைகளை விடுங்கள். பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையில் ஒரு நகர்வு வரிசை இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. பத்தாவது நகர்வு வரை இருவரும் மனப்பாடமாக ஆடுவார்கள். அப்புறம் வெள்ளை ராணி டி4, இ4 என்ற கட்டங்களுக்கிடையே போய்வரும். கறுப்பு ராணி டி6, இ6 என்று பதில் சொல்லும். பதினான்காவது நகர்வு வாக்கில் ஒரே நிலை மூன்று முறை வந்துவிடும், விதிப்படி அது டிரா, ஆளுக்கு அரைப்புள்ளி. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் இந்த ஆட்டம் எத்தனையோ பெரிய போட்டிகளில் வந்துபோயிருக்கிறது. யாருக்கும் பூஜ்யம் விழுவதில்லை. சமர்கண்ட் ஆட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே ராணிகள் ஆடுகின்றன, பார்க்கக் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இத்தனை நகர்வுக்கு முன் டிரா கேட்கக்கூடாது என்று போட்டி அமைப்பாளர்கள் விதிக்கலாம் என உங்கள் சட்டத்தின் 9.1 பிரிவு இடம் தருகிறது. 2005இல் சோபியாவில் தொடங்கிய முறையும் அதே எண்ணத்தில் வந்ததுதான்: எதிராளியிடம் நேரடியாக டிரா கேட்காதே, நடுவரிடம் கேள். நல்ல நோக்கம். ஆனால் ஒரே நிலை மூன்று முறை வந்தால் நடுவர் என்ன செய்ய முடியும்? வாயால் கேட்கும் டிராவைத் தடுத்துவிட்டு, கையால் கேட்கும் டிராவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

எண் வைத்தால் எண்ணுக்கு ஆடுவார்கள் என்பதும் தெரிந்ததே. 30 நகர்வுக்கு முன் டிரா கேட்கக்கூடாது என்ற விதியோடு நடந்த 2016 நியூயார்க் உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சன், கர்யாகின் ஆடிய பன்னிரண்டாவது ஆட்டம் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்து, சரியாக 30ஆவது நகர்வில் முடிந்தது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

ரசிகர்களுக்கு டிரா என்றாலே பிடிக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மை இல்லை. 2018இல் லண்டன் உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய முதல் ஆட்டம் 115 நகர்வு போய் டிராவானது. கருவானா தோல்வியின் விளிம்பிலிருந்து தப்பித்ததை இன்றும் பேசுகிறோம். அதே போட்டியின் பன்னிரண்டாவது ஆட்டத்தில் கார்ல்சனுக்கு நிலையும் நல்லது, நேரமும் அதிகம். 31ஆவது நகர்வில் டிரா கேட்டார். அதிவேக ஆட்டங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு, 3-0 என்று ஜெயித்தும் காட்டினார். கணக்கு சரியாக இருந்ததால் அவரைத் திட்டவும் முடியவில்லை, கோபமும் அடங்கவில்லை.

ஆட்டக்காரர்கள் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. கடைசிச் சுற்றில் அரைப்புள்ளி எடுத்தால் பரிசு நிச்சயம், தோற்றால் பெரிய சரிவு என்று பரிசுப் பட்டியலை எழுதிவைத்தால், குடும்பம் நடத்துகிற எவரும் அரைப்புள்ளியைத்தான் எடுப்பார். 1962இல் குராசாவில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில், பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். கூட்டுச் சதி என்று அமெரிக்க ஆட்டக்காரர் ஃபிஷர் கொதித்தார். நீங்கள் அப்போது சரியாகத்தான் செய்தீர்கள்: ஆட்களைத் தண்டிப்பதை விட்டு, கேண்டிடேட்ஸ் போட்டியையே இருவர் மோதும் நாக்-அவுட்டாக மாற்றினீர்கள். அமைப்பை மாற்றியதும் அந்த வழி அடைபட்டது.

அதனால் என் கோரிக்கையும் அமைப்பைப் பற்றியதுதான். 30 நகர்வுக்குள் எப்படி டிரா வந்தாலும், கைகுலுக்கியோ மூன்று முறை திரும்பியோ, காய்களின் நிறத்தை மாற்றி, கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தோடு மறுபடி ஆடச் சொல்லுங்கள். பெர்லின் வரிசையில் யாருக்கும் லாபம் இருக்காது. யானையைப் பலி கொடுத்து, தொடர் செக்கால் நியாயமாகத் தப்பித்தவரும் இதில் மாட்டுவார், தெரியும். அது அவருக்குக் கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் இன்னொரு ஆட்டம் ஆடுவது பூஜ்யம் வாங்குவதைவிட மோசமில்லை.

டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆடினால் என்ன நடக்கும் என்று 2024 சிங்கப்பூர் உலகப் பட்டப் போட்டியில் பார்த்தோம். கடைசி ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், அதை வைத்து ஜெயிக்க முடியாது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். குகேஷ் விடவில்லை. 55ஆவது நகர்வில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், பட்டம் கைமாறியது.

இந்த யோசனை வேண்டாம் என்றால் வேறொன்று எழுதுங்கள். குட்டி டிரா செல்லும் என்றே வேண்டுமானாலும் எழுதுங்கள். முதல் சுற்றுக்கு முன்பே எழுதுங்கள், பட்டம் வென்றவருக்கும் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் ஒன்றாகவே எழுதுங்கள். டிக்கெட்டிலும் ஒரு வரி அச்சடித்துவிட்டால், வருவதா வேண்டாமா என்று நாங்களே முடிவுசெய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்னும் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்