எங்கள் ரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், 'சேர்வராயன் மலைவாழ் மக்களின் ரத்தக்கொதிப்புக்கு அவர்கள் இனத்தின் மரபணுவே காரணம்' என்று ஒரு வரி வந்திருந்தது. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

இதே பேச்சை 6 வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறேன். அம்மாவைச் சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள், 180க்கு 110. எந்த ஊர் என்றார் டாக்டர். ஏற்காடு, நாகலூர் பக்கம் என்றேன். "உங்க ஜனங்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கு" என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கவோ, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரத்தத்தில் இருப்பதை மாத்திரை என்ன செய்யும் என்று அம்மாவும் விட்டுவிட்டார். அடுத்த தை மாதம், காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில், வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஏதோ ஒரு மரபணு செய்கிற வேலையும் இல்லை. 2018இல் வந்த பெரிய ஆய்வோடு சேர்த்து, பிபியோடு தொடர்புள்ள 901 இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆய்வில் இருந்த 10 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். எங்கள் மலைக்கு எதை வைத்துத் தீர்ப்பு எழுதினீர்கள்? அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இனத்தைத்தான் காரணம் சொன்னார்கள். அவர்கள் முன்னோர் வாழ்ந்த மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியக் கிராமங்களில் அளந்து பார்த்தபோது ரத்தக்கொதிப்பு மிகவும் குறைவாக இருந்தது.

என் பாட்டி கல் உப்பை மூங்கில் குழாயில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பார். சாமைச் சோற்றுக்கும் களிக்கும் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். இப்போது ரேஷன் அரிசி, ஊறுகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மடித்து வைத்த பேப்பரை மறுபடி எடுத்து இதையெல்லாம் கட்டுரையில் தேடினேன், ஒரு வரி இல்லை.

உங்கள் பத்திரிகைக்கு நாங்கள் புதியவர்கள் இல்லை. 'மலையாளி' என்ற எங்கள் பழங்குடியின் பெயரைப் பார்த்து, கேரளாவிலிருந்து வந்தவர்கள் என்று ஒருமுறை போட்டீர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பதுதான் எங்கள் பெரியவர்கள் வாய்வழக்கு என்று அப்போதே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. கோடை விழா மலர்க்காட்சிக்கு மட்டும் வருடம் தவறாமல் முழுப் பக்கம் வருகிறது.

சரி, இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. அதே பக்கத்தில் மூன்று வரி மட்டும் போடுங்கள்: முப்பதைத் தாண்டியவர்கள் பிபி பார்த்துக்கொள்ளுங்கள்; உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்; 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊர் டீக்கடைக்கு வருவது உங்கள் பேப்பர் ஒன்றுதான். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஏற்காடு.