சயாம் ரயில் பாதையில் செத்தவர்களுக்கும் பெயர் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். சிங்கப்பூர் வீழ்ந்ததும் இம்பால், கோஹிமா சண்டைகளும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. சயாம் என்ற இன்றைய தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம்–பர்மா ரயில் பாதைக்கு வந்த இடத்தில்தான் மனம் ஒப்பவில்லை. அங்கே வதைபட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், நம் ஆட்களை 'ஆசியத் தொழிலாளர்களும்' என்ற இரண்டு வார்த்தைகளில் முடித்துவிட்டார். பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ் பேசும் எங்கள் சித்தூர் தாலுகாவில், அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் காணாமல் போனவர்களின் வீடுகள் இருக்கின்றன.

415 கிலோமீட்டர் பாதை அது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், ஜப்பான் மலையையும் காட்டையும் வெட்டி அதைப் போட்டு, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்குப்படி அதில் செத்த போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர். பட்டாளத்தில் சேராத சாதாரண ஜனங்கள் 80,000 முதல் 1,00,000 வரை. கைதிகளைப் போல ஆறேழு மடங்கு! மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இதில் கணிசம்.

அவர்கள் போன விதத்தையும் சொல்ல வேண்டும். மலாயா ஜப்பானின் கைக்குப் போனதும் ரப்பருக்கு விலைபோக வழியில்லை. தோட்டத்தில் கூலி நின்றது, அரிசியும் கிடைக்கவில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, சில மாத வேலை என்று ஜப்பான்காரர்கள் ஆசை காட்டியபோது பெயர் கொடுத்தவர்கள் உண்டு. ஆள் போதாமல் போனதும் பிடித்து ஏற்றினார்கள். குடும்பத்தோடு போனவர்களும் இருந்தார்கள். சரக்கு வண்டியில் சயாம் வரை. அதற்கப்பால் காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. கைதிகளுக்குள் பட்டாள டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று கட்டாயப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். கூலி முகாமில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

செத்த பிறகும் இதே வித்தியாசம்தான். கைதிகளாக இருந்த பட்டாள அதிகாரிகள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். அதனால்தான் தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் இன்று வரிசையாகப் பெயர்க் கற்கள் நிற்கின்றன. சடலம் கிடைக்காத சிப்பாய்க்குக்கூட இடம் இருக்கிறது: சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. அந்தச் சிப்பாய்களின் பாடு லேசானது என்று நான் சொல்ல வரவில்லை. பட்டாளத்துக்கு ஒரு பதிவேடு இருந்தது, கூலிக்கு இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்துப் பினாங்கு போனவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்ததோடு கடிதமும் மணியார்டரும் நின்றன. அடுத்த மாதம் ரங்கூன் விழுந்து, பர்மா அரிசியும் நின்றது. சித்தூர் அன்று கொச்சி சமஸ்தானம். பக்கத்துப் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. கிழக்கே கொஞ்சம் நடந்தால் கோயம்புத்தூர் ஜில்லா. நெல் விளைகிற பூமிதான், ஆனாலும் சொந்தக்காரன் வீட்டுக்கு எல்லை தாண்டி ஒரு மூட்டை அரிசி கொண்டுபோவது குற்றமாக இருந்தது. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தின்றுதான் பிள்ளைகளை வளர்த்தேன் என்பார் பெரியம்மா.

போர் முடிந்து சிலர் திரும்பினார்கள். பெரியப்பா வரவில்லை. சயாமுக்குப் போன கூட்டத்தில் அவரைப் பார்த்ததாகத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார், அவ்வளவுதான் சேதி. பெரியம்மா கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. திதி தெரியாததால் ஆடி அமாவாசையிலாவது தர்ப்பணம் செய்யலாம் என்றால், அதற்கும் விடவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்களா என்று கேட்பார். பட்டாளத்தில் புருஷனை இழந்தவளுக்குத் தந்தி வந்தது, பென்ஷன் வந்தது. இவருக்கு நிலத்தைப் பெயர் மாற்றக்கூட ஒரு காகிதம் இல்லை.

மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023இல் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. அவர்களுக்கு என் கைகூப்பு. ஆனால் பெயர்களைச் சேர்க்கும் வேலையை இந்தக் கரையிலும் செய்தாக வேண்டும், ஏனென்றால் பெயர்கள் இங்கேதான் இருக்கின்றன. பழைய டிரங்குப் பெட்டிகளில் மலாயாத் தபால் தலை ஒட்டிய உறைகள் கிடக்கும். அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும். மணியார்டர் அடிக்கட்டையில் தேதி இருக்கும். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கிறது. அங்கே ஒரு நோட்டுப் போட்டு வைத்தாலே பாதி வேலை ஆகிவிடும். நேரில் கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

உங்கள் பத்திரிகை இதற்கு ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். காணாமல் போனவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பலேறிய வருஷம், தோட்டம், கடைசிக் கடிதத்தின் தேதி: தெரிந்த மட்டும் வாசகர்கள் எழுதட்டும். பாலக்காடு, கோவை, சேலம், திருச்சி, வட ஆற்காடு, ஆந்திரச் சித்தூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். பெரியப்பாவின் கடிதங்கள் மூன்றின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல் வேண்டுமென்றாலும் அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.