யார்க்கிலிருந்து அப்பாவுக்கு

யார்க், இங்கிலாந்து, நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அப்பா, ஒரு விஷயம் தெரிந்ததிலிருந்து உங்களுக்கு எழுதத் துடித்துக்கொண்டிருந்தேன். என் அறையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஹாக்ஸ்பி ரோட்டில் பெரிய சாக்லேட் ஆலை. சில நாள் காலையில் தெருவெல்லாம் அந்த வாசம்தான். சம்பள நாளில் நைட் ஷிப்ட் முடிந்து சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவருவீர்களே, அந்த கிட்கேட் பிறந்தது இங்கேதான்!

ஆலையைத் தொடங்கியவர்கள் ரவுண்ட்ரீ குடும்பத்தார். 1862-இல் தம்பி ஹென்றி கொக்கோ தொழிலை வாங்கினார். அண்ணன் ஜோசப் 1869-இல் வந்து சேர்ந்தார். இந்த ஜோசப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் உங்கள் நினைவுதான். 1906-லேயே தொழிலாளிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்திருக்கிறார். ஊருக்கு வெளியே நியூ இயர்ஸ்விக் என்று ஒரு கிராமமே கட்டினார். வீட்டுக்கு வீடு தோட்டம், தோட்டத்தில் பழமரம். போன ஞாயிறு போய்ப் பார்த்தேன், இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். உங்கள் நூல் மில் மூடியபோது பணத்துக்காக நீங்கள் எத்தனை நாள் அலைந்தீர்கள் என்பது அங்கே நின்றபோது மனதில் வந்து, தொண்டை அடைத்துவிட்டது.

சரி, கிட்கேட்டுக்கு வருகிறேன். வேலைக்குப் போகிறவர் சாப்பாட்டுப் பையில் எடுத்துப்போகிற மாதிரி ஒரு தின்பண்டம் வேண்டும் என்று ஆலைத் தொழிலாளி ஒருவரே யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டாராம். 1935 ஆகஸ்ட் 29 அன்று அது விற்பனைக்கு வந்தது. விலை இரண்டு பென்னி, பெயர் 'சாக்லேட் கிரிஸ்ப்'. கிட்கேட் என்ற பெயர் 1937-இல்தான் சேர்ந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போர். பால் கிடைக்கவில்லை, அதனால் பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட்டில் செய்து, சிவப்பு உறையை நீலமாக்கி விற்றிருக்கிறார்கள். 1988-இல் கம்பெனி நெஸ்லே கைக்குப் போனது.

உங்களுக்கு ரொம்பப் பிடிக்கப்போவது இதுதான். வேஃபர் அடுக்குகளுக்கு நடுவே பூசுகிறார்களே, அந்தப் பூரணத்தில் உடைந்த கிட்கேட்டுகளையே அரைத்துச் சேர்க்கிறார்கள். வேஸ்ட் பஞ்சை மறுபடி, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமுக்கே அனுப்புவோம் என்று சொல்வீர்களே, அதே கணக்குதான். எந்த ஆலையானாலும் நல்ல வேலைக்காரர்கள் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள் போல.

தூக்குப்போசியோடு ஷிப்டுக்குப் போகிற உங்களை மாதிரி ஒருவருக்காக உருவான பண்டம் இது. ஆனால் அந்த நாலு துண்டை எனக்கு இரண்டு, தங்கச்சிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று உடைத்துக் கொடுப்பீர்கள். காகிதத்தை மடித்துக் குப்பையில் போடுவது மட்டும் உங்கள் பங்கு. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த மாதம் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் கோயம்புத்தூர் வருகிறார். அவரிடம் இங்கே வாங்கிய கிட்கேட் ஒரு டஜன் கொடுத்தனுப்புகிறேன். சர்க்கரையைச் சொல்லி அம்மா தடுப்பார், நான் போனில் பேசிக்கொள்கிறேன். முதல் துண்டை நீங்கள்தான் சாப்பிட வேண்டும், அப்பா.

உங்கள் அன்பு மகன்